பார்க்காமல் பார்த்துக்கொள்வது எப்படி?

மார்பு நோய் வார்டில் டூட்டி விழுந்திருக்கிறது என்று தெரிந்ததும் தோழிகள் எல்லோரும் உங்களுக்காக வருத்தப்பட்டிருப்பார்கள். இருமல், கோழை, நடுராத்திரியில் சிலிண்டர் உருட்டும் சத்தம், வீட்டுக்குப் போய்க் குளித்த பிறகும் போகாத ஒரு பயம். எல்லாம் உண்மைதான். ஆனால் வேறெந்த வார்டுக்கும் இல்லாத வசதி ஒன்று இந்த வார்டுக்கு உண்டு. வயிற்றில் தையல் போட்டவரையும் சர்க்கரைப் புண்காரரையும் கட்டுப் பிரித்துப் பார்த்தே ஆக வேண்டும். மூச்சை யார் பார்க்கிறார்கள்? விடுகிறாரா, விடுகிறார். நிறுத்திவிட்டாரா, உறவினர்களே அலறிச் சொல்லிவிடுவார்கள். இரண்டுக்கும் நடுவில் நீங்கள் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். அதையும் குறைத்துக்கொள்ளச் சில யோசனைகள் இதோ.

எண்ணாமல் எழுதுங்கள்

மூச்சை ஒரு முழு நிமிடம், நோயாளிக்குத் தெரியாமல் எண்ண வேண்டும் என்கிறது பாடப்புத்தகம். எண்ணுகிறார்கள் என்று தெரிந்துவிட்டால் மூச்சு நடிக்க ஆரம்பித்துவிடும். பழைய சிஸ்டர்கள் இதற்கென்று ஒரு தந்திரம் வைத்திருந்தார்கள். நாடி பார்த்து முடித்த பிறகும் மணிக்கட்டை விடாமல், கண்ணை மட்டும் நெஞ்சுக்கு மாற்றி இன்னொரு நிமிடம் நிற்பார்கள். "பாவம், இந்தம்மாவுக்கு நாடி கிடைக்கலை போல" என்று நினைத்துக்கொண்டு நோயாளி தன்பாட்டுக்கு மூச்சு விட்டுக்கொண்டிருப்பார். இத்தனை நாடகம் உங்களுக்கு எதற்கு? 20 என்று எழுதுங்கள்.

ஏன் 20 என்பதற்குக் காரணம் இருக்கிறது. நோயாளி மோசமாகப் போகிறாரா என்று கண்டுபிடிக்க, லண்டனில் உள்ள ராயல் காலேஜ் ஆஃப் ஃபிசிஷியன்ஸ் 2012இல் ஒரு மதிப்பெண் அட்டவணை வெளியிட்டது, 2017இல் திருத்தியது. அதில் நிமிடத்துக்கு 12 முதல் 20 வரை மூச்சு விட்டால் மதிப்பெண் பூஜ்யம். 21 முதல் 24 வரை என்றால் 2. 25ஐத் தொட்டாலோ, 8க்கு இறங்கினாலோ 3. அந்த ஒன்றுக்கே மருத்துவரைக் கூப்பிட்டாக வேண்டும். ஆக, யாரையும் எழுப்ப வேண்டாத எண்களிலேயே ஆகப் பெரியது 20. நோயாளிக்குக் கொஞ்சம் மூச்சு வாங்குவதாகவும் காட்டும், உங்களுக்கு வேலையும் வைக்காது. வார்டு முழுக்க 20 என்று இருந்தால் கண்ணை உறுத்தும் என்பதால் இடையிடையே ஒரு 18 தூவுங்கள். 19 மட்டும் வேண்டாம். 19 எழுதினால் எண்ணியதுபோல் ஆகிவிடும்.

ரத்த அழுத்தம் விழுவதற்குப் பல மணி நேரம் முன்பே மூச்சின் எண்ணிக்கை ஏறத் தொடங்கிவிடும் என்று யாராவது சொன்னால் தலையாட்டுங்கள். அழுத்தம் விழுந்த பிறகு ஓடுவதில்தான் வேலை செய்வது கண்ணுக்குத் தெரியும். முன்கூட்டியே கண்டுபிடித்து ஒன்றும் நடக்காமல் தடுத்துவிட்டால், நீங்கள் ஏதாவது செய்தீர்கள் என்பதற்கு என்ன சாட்சி?

இங்கே ஒரு கணக்கைப் போட்டுவிடுகிறேன். நாற்பது படுக்கை, இரவு டூட்டிக்கு ஒரே ஒருவர். ஆளுக்கு ஒரு நிமிடம் என்றாலே நாற்பது நிமிடம். கட்டில் கட்டிலாக நடக்க, கேஸ் ஷீட்டில் எழுத, "சிஸ்டர், ட்ரிப் முடிஞ்சிருச்சு" என்பவருக்கு ஓட என்று சேர்த்தால் ஒன்றரை மணி நேரம் போய்விடும். நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை இதைச் செய்துகொண்டே மருந்தும் கொடுத்து, ஊசியும் போட்டு, புது அட்மிஷனையும் ஏற்க வேண்டும். போதனா மருத்துவமனையில் மூன்று நோயாளிக்கு ஒரு செவிலியர் என்று இந்திய நர்சிங் கவுன்சில் வகுத்திருப்பது காகிதத்தில் பார்க்க அழகாக இருக்கிறது. அந்த 20ஐ எழுதும் பேனா சிஸ்டரின் கையில் இருந்தாலும் எழுத வைப்பவர்கள் வேறெங்கோ ஏசி அறையில் உட்கார்ந்திருக்கிறார்கள். சரி, இது யோசனைக் கட்டுரை, கோபத்துக்கு இடமில்லை.

ஆனால் நாற்பது பேரில் எந்த ஐந்து பேரை எண்ண வேண்டும் என்று வாசலில் நின்றபடியே சொல்லிவிடுகிற சிலர் உண்டு. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, இரண்டு கையையும் முழங்காலில் ஊன்றி, முன்னால் சாய்ந்திருப்பவர் ஒருவர். கழுத்து நரம்பு புடைக்க, ஒவ்வொரு மூச்சுக்கும் காறை எலும்புக்கு மேலே குழி விழுகிறவர் இன்னொருவர். படுக்கச் சொன்னால் "வேண்டாம் சிஸ்டர், இப்படியே இருக்கேன்" என்பவர், மூக்கு விடைப்பவர், உதட்டைக் குவித்து ஊதி ஊதி மூச்சை வெளியே விடுபவர். இவர்களிடம் நேராகப் போய்விடுவார்கள். நீங்கள் அப்படிச் செய்யாதீர்கள். சமத்துவம் நல்ல கொள்கை. எல்லோரையும் சமமாகப் பார்க்காமல் இருங்கள்.

விரல் சொல்வதே வேதம்

விரலில் மாட்டும் அந்தச் சின்னக் கிளிப் உங்கள் உற்ற துணை. ஜப்பானில் நிஹான் கோடன் நிறுவனத்தில் பொறியாளராக இருந்த தகுவோ அவோயாகி 1970களின் தொடக்கத்தில் வேறொரு வேலையில் இருந்தார். காது மடலில் ஒளியைப் பாய்ச்சி, இதயம் எவ்வளவு ரத்தம் தள்ளுகிறது என்று அளக்கப் பார்த்தார். ஒவ்வொரு நாடித் துடிப்பும் அளவைக் கெடுத்துக்கொண்டே இருந்தது. இந்தத் தொல்லையை ஒழிப்பது எப்படி என்று உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தவருக்கு, ரத்தத்தில் ஆக்சிஜன் எவ்வளவு என்று அளக்கும் வழி அந்தத் துடிப்பிலேயே இருப்பது தெரிந்தது. 1974இல் அதை அறிவித்தார். உற்றுப் பார்த்ததால் பிறந்த கருவி. உற்றுப் பார்க்காமல் இருப்பதற்கு அதைவிட வசதியான கருவி இன்னும் வரவில்லை.

மாட்டுங்கள், எண்ணைப் பாருங்கள், எழுதுங்கள். நோயாளி கை சில்லிட்டிருந்தாலும், நகத்தில் கறுப்புப் பாலிஷ் பூசியிருந்தாலும், அதே கையில் பி.பி. பட்டை இறுக்கிக்கொண்டிருந்தாலும் கவலை வேண்டாம். ஏதோ ஒரு எண் வரும். மூடிய அறையில் கரியடுப்புப் புகையில் மயங்கிக் கிடந்தவரைக் கொண்டுவந்தால் 98 என்று காட்டும். கார்பன் மோனாக்சைடு ஏறிய ரத்தத்தையும் ஆக்சிஜன் ஏறிய ரத்தத்தையும் இந்தக் கிளிப்புக்குப் பிரிக்கத் தெரியாது. நீங்கள் நிம்மதியாக அடுத்த கட்டிலுக்குப் போகலாம். 2020இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு, கிளிப் 'பரவாயில்லை' என்று சொல்லும்போதே உண்மையில் ஆக்சிஜன் குறைந்திருப்பது வெள்ளையர்களைவிடக் கறுப்பின நோயாளிகளிடம் ஏறத்தாழ மூன்று மடங்கு அதிகம் என்று காட்டியது. தோல் கறுக்கக் கறுக்கக் கிளிப்புக்கு நம்பிக்கை கூடுகிறது. நம் வார்டில் யார் யார் என்ன நிறம் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

95 என்று காட்டுகிறவர் அந்த 95ஐச் சம்பாதிக்க நிமிடத்துக்கு 36 முறை மூச்சு வாங்கிக்கொண்டிருக்கலாம். அதைக் கிளிப் சொல்லாது. அது சொல்லாததை நீங்கள் ஏன் சொல்ல வேண்டும்?

குமிழும் மச்சானும்

ஒவ்வொரு ஆக்சிஜன் குமிழுக்கும் ஒரு மச்சான் உண்டு. நோயாளியின் தங்கை கணவராகவோ மனைவியின் அண்ணனாகவோ இருப்பார். சவுதியிலோ திருப்பூரிலோ நான்கு பேரை வேலை வாங்கிப் பழகியவர். நீங்கள் 2 லிட்டரில் வைத்துவிட்டு நகர்ந்ததும் எழுந்து போய் 8க்கு ஏற்றுவார். "காசா பணமா, காத்துதானே" என்பது அவர் கட்சி. அவரைத் தடுக்காதீர்கள். உங்கள் வேலையில் பாதியை அவரே பார்த்துக்கொள்கிறார்.

நாற்பது வருடம் பீடி குடித்து நுரையீரல் தேய்ந்தவர்களில் சிலருக்குக் கரியமில வாயு எப்போதும் தேங்கியே இருக்கும். அப்படிப்பட்டவருக்கு ஆக்சிஜனைக் கொட்டிக் கொடுத்தால் அந்த வாயு இன்னும் ஏறும். அதனால்தான் மற்றவர்களுக்கு 94 முதல் 98 வரை இருக்கட்டும் என்கிற வழிகாட்டு நூல்கள், இவர்களுக்கு மட்டும் 88 முதல் 92 போதும் என்கின்றன. இதற்காகவே 1960இல் மோரன் கேம்பெல் என்ற மருத்துவர், 24, 28 சதவீதம் என்று அளந்து கொடுக்கிற முகமூடி ஒன்றைக் கொண்டுவந்தார். வென்சுரி மாஸ்க் என்று ஸ்டோர் ரூமில், பிரிக்காத கவரில் இருக்கிறதே, அதுதான். ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாவில் ஆம்புலன்ஸில் வந்த 405 பேரை வைத்து நடந்த ஆய்வு 2010இல் வெளிவந்தது. தாராளமாக ஆக்சிஜன் பெற்றவர்களில் 9 சதவீதம் பேர் இறந்தார்கள். அளந்து பெற்றவர்களில் 4 சதவீதம். மச்சானிடம் இதைச் சொல்லிப் பாருங்களேன். "90தான் காட்டுது, சும்மா உட்கார்ந்திருக்கீங்களே" என்று வீடியோ எடுப்பார்.

குமிழை ஏற்றிய இரவில் என்ன நடக்கும்? மூன்று நாளாகத் தூங்காமல் உட்கார்ந்தே கிடந்த மனிதர் மெல்லச் சாய்வார். முகம் சிவந்து, கை கதகதப்பாக இருக்கும். கிளிப் 99 காட்டும். வாங்கிக்கொண்டிருந்த மூச்சும் நிதானப்பட்டுவிடும். மகள் உங்களிடம் வந்து, "சிஸ்டர், அப்பா இன்னைக்குத்தான் நல்லா தூங்குறார்" என்று கண் கலங்கச் சொல்வாள். இந்த வேளையில் சில சிஸ்டர்கள் மரியாதை கெட்டத்தனமாக அவரை உலுக்கி எழுப்புவார்கள். "பெரியவரே, இது எந்த இடம்?" என்பார்கள். இரண்டு கையையும் நீட்டி, போக்குவரத்துக் காவலர் வண்டியை நிறுத்துவதுபோல் உள்ளங்கையைக் காட்டச் சொல்வார்கள். கை படபடவென்று அடித்துக்கொண்டால் டாக்டருக்குப் போன் போகும், தமனியில் குத்தி ரத்தம் எடுப்பார்கள், முகத்தில் இறுக்கமாகக் கட்டி மூச்சைத் தள்ளும் எந்திரம் வரும், வார்டு முழுக்க விளக்கெரியும். நீங்கள் அப்படிச் செய்யாதீர்கள். "நன்றாகத் தூங்குகிறார்" என்று ரிப்போர்ட்டில் எழுதிவிட்டு விளக்கை அணையுங்கள். விடியற்காலையில் அவரை எழுப்ப முடியாமல் போனால், நேற்று ராத்திரி நிம்மதியாகத் தூங்கினார் என்பதற்கு மகளே சாட்சி.

இதே குடும்பத்தைச் சேர்ந்த இன்னொரு வசதி, ஆஸ்துமாக்காரரின் வீசிங். விசில் சத்தம் அறை வாசல் வரை கேட்கும். கொஞ்ச நேரத்தில் அது நின்றுவிடும். நின்றதும் மருந்து வேலை செய்துவிட்டது என்று முடிவு செய்துகொள்ளுங்கள். காற்று உள்ளே போய் வெளியே வந்தால்தான் விசில் அடிக்கும்; போகவே இல்லையென்றால் சத்தமும் இருக்காது. சத்தமில்லாத நெஞ்சைக் கண்டுபிடிக்க ஸ்டெதாஸ்கோப் வைத்துக் கேட்க வேண்டும். 1816இல் பாரிஸில் நெக்கர் மருத்துவமனையில் ரெனே லனெக் காகிதத்தைச் சுருட்டி நோயாளியின் நெஞ்சில் வைத்துக் கேட்ட நாளிலிருந்து அந்தக் கருவி இருக்கிறது. கழுத்தில் மாலையாகப் போட்டுக்கொள்ள நன்றாகவும் இருக்கிறது.

பேச்சுக் கொடுக்காதீர்கள்

நோயாளியிடம் பேசுவதைக் கூடுமானவரை தவிருங்கள். "சாப்பிட்டீங்களா பாட்டி?" என்று கேட்பது அன்பான விசாரிப்பு மாதிரித்தான் தெரியும். உள்ளுக்குள் அது ஒரு பரீட்சை. "ரெண்டு இட்லி சாப்பிட்டேன், சட்னிதான் ஒரே காரம்" என்று ஒரே மூச்சில் வந்தால் பயமில்லை. "ரெண்டு இட்லி..." என்று நிறுத்தி, மூச்சு இழுத்து, "...சாப்பிட்டேன்" என்றால் கொஞ்சம் கவனிக்க வேண்டும். தலையை மட்டும் ஆட்டினால் உடனே டாக்டரைக் கூப்பிட வேண்டும். ஓர் இட்லியை வைத்து இவ்வளவும் தெரிந்துவிடும். ஆகவே கேட்காதீர்கள்.

"எத்தனை தலகாணி வெச்சுப் படுப்பீங்க?" என்றும் கேட்க வேண்டாம். மூன்று என்று சொன்னால் இதயத்தையும் பார்க்க வேண்டிவரும். "ராத்திரி எத்தனை மணிக்கு இருமல் வருது?", "மாடிப்படி ஏறினா எத்தனையாவது படியில நிக்கிறீங்க?" எல்லாமே இப்படி வேலை வைக்கிற கேள்விகள்.

பீடியைப் பற்றி ஆண்களிடம் மட்டும் கேளுங்கள். அதுவும் மனைவி பக்கத்தில் நிற்கும்போது, சத்தமாக. "விட்டுட்டேன் சிஸ்டர்" என்பார். எப்போது என்று கேட்காதீர்கள். நேற்றுச் சாயங்காலம் ஆம்புலன்ஸ் ஏறும்போது விட்டிருப்பார். பெண்களிடம் கேட்கவே வேண்டாம். முப்பது வருடம் ஓட்டுக்கூரைக்குக் கீழே விறகடுப்பை ஊதி ஊதிச் சமைத்தவருக்கு, பீடியைத் தொடாமலே பீடிக்காரர் நுரையீரல் வாய்த்திருக்கலாம். ஆனால் படிவத்தில் 'புகைப்பழக்கம்: இல்லை' என்று ஒரு டிக் போட்டால் கட்டம் நிரம்பிவிடுகிறது. அடுப்புக்கு அதில் கட்டம் கிடையாது.

கட்டிலைப் பற்றி ஒரு வார்த்தை. மூச்சு முட்டுகிறவரை நிமிர்த்தி உட்கார வைக்க வேண்டும். மல்லாக்கப் படுத்தால் வயிறு மேலே தள்ளி உதரவிதானத்தை அமுக்கும். அதற்குத் தலைமாட்டை உயர்த்தும் கைப்பிடி வேண்டும். நம் கட்டில்களில் கைப்பிடி இருந்த இடத்தில் ஓட்டை இருக்கிறது. ஸ்டூலையோ நாற்காலியையோ கவிழ்த்துத் தலைமாட்டில் வைத்து, மேலே தலையணை சாத்தி, துணியால் கட்டிச் சமாளித்த சிஸ்டர்களைத் தமிழ்நாட்டில் எந்தப் பெரிய ஆஸ்பத்திரிப் பக்கம் போனாலும் பார்க்கலாம். ஒரு பக்க நுரையீரலில் மட்டும் நிமோனியா என்றால் நல்ல பக்கம் கீழே இருக்கும்படி ஒருக்களித்துப் படுக்க வைப்பார்கள். ரத்தம் கீழ்ப்பக்கத்துக்கு அதிகம் பாயும், அங்கே நல்ல நுரையீரல் இருந்தால் ஆக்சிஜன் கூடும். நிறைய ரத்தமாக இருமுகிறவர் என்றால் நேர்மாறாக, கெட்ட பக்கம் கீழே. இல்லையென்றால் ரத்தம் வழிந்து நல்ல பக்கத்தையும் நிரப்பிவிடும். இவ்வளவையும் யோசித்துக்கொண்டிருந்தால் தலை வலிக்கும். பெட்ஷீட் சுருக்கமில்லாமல் இருக்கிறதா என்று பாருங்கள். ரவுண்ட்ஸ் வரும்போது பெட்ஷீட்டைத்தான் பார்ப்பார்கள்.

பம்ப் சொல்லித்தரும் கலை

டிஸ்சார்ஜ் அன்று இன்ஹேலரைக் கையில் கொடுத்து, "டாக்டர் சொன்ன மாதிரி எடுத்துக்கோங்க" என்று அனுப்பிவிடுங்கள். டாக்டர் சொன்னது "சிஸ்டர் சொல்லித் தருவாங்க" என்பது மட்டுமே. இது ஒரு குறையில்லாத வட்டம், அதைக் கெடுக்காதீர்கள்.

கெடுக்கிறவர்கள் என்ன செய்வார்கள் தெரியுமா? பம்பை நோயாளியின் கையில் கொடுத்து, "எங்கே, போட்டுக் காட்டுங்க" என்பார்கள். ஒருவர் வாயைத் திறந்து கொசு மருந்து அடிப்பதுபோல் அடித்துக்கொள்வார். ஒருவர் மூக்குக்கு அடிப்பார். பொடி இன்ஹேலர் வாங்கியவர்களில் சிலர் கேப்சூலை வெந்நீரோடு விழுங்கிவிட்டு, "ஒண்ணும் கேக்கலை சிஸ்டர்" என்று அடுத்த மாதம் வருவார்கள். அழுத்துகிற பம்ப் என்றால் குலுக்கி, மூச்சை முழுக்க வெளியே விட்டு, உதட்டை இறுக்கி, மெதுவாக உள்ளே இழுக்கும்போதே அழுத்தி, பத்து விநாடி அடக்கி வைத்து, அரை நிமிடம் பொறுத்து அடுத்ததை எடுக்க வேண்டும். பொடி என்றால் மெதுவாக இழுத்தால் வராது; சட்டென்று பலமாக இழுக்க வேண்டும். ஒன்றின் முறை மற்றொன்றுக்குத் தலைகீழ். இரண்டும் கொடுத்தனுப்பப்பட்ட தாத்தா எதை எப்படி இழுப்பார் என்பது அவர் அதிர்ஷ்டம். முகத்துக்கும் பம்புக்கும் நடுவே ஸ்பேசர் என்ற பிளாஸ்டிக் கூடு ஒன்றை வைத்தால் பாதிப் பிரச்சினை தீரும். அதை யாராவது எழுதிக் கொடுத்தால்தானே. ஸ்டீராய்டு பம்ப் எடுத்த பிறகு வாய் கொப்பளிக்க வேண்டும், இல்லையென்றால் நாக்கில் வெள்ளை படரும் என்பதைச் சொன்னால், "ஸ்டீராய்டா?" என்று அரண்டு பம்பையே தூக்கிப் போட்டுவிடுவார்கள் என்று நீங்கள் பயப்படலாம். நியாயமான பயம். "பம்ப் எடுத்தா அதுவே பழகிடும்" என்று தெருவுக்கு ஒருவர் சொல்லிக்கொண்டிருக்கிறார். அவருக்குப் பதில் சொல்ல ஒரு நோயாளிக்குப் பத்து நிமிடம் வேண்டும். ஆனால் அந்தப் பத்து நிமிடம் செலவழித்த நோயாளி அடுத்த மாதம் திரும்பி வராமல் போனாலும் போய்விடுவார். பிறகு வார்டில் யார் இருப்பார்கள்?

நெபுலைசர் போட்டால் நெஞ்சு படபடக்கும், கை நடுங்கும், அது மருந்தின் குணம் என்று முன்கூட்டிச் சொல்லிவிடாதீர்கள். நடுங்க ஆரம்பித்ததும் அவரே மாஸ்க்கைப் பிடுங்கிப் போட்டுவிடுவார். மருந்தில் பாதி காற்றோடு போகும். உங்களுக்குச் சீக்கிரம் வேலை முடியும்.

பாட்டில்கள், டப்பாக்கள்

சளி டப்பாவைக் கொடுக்கும்போது "துப்பிக் கொடுங்க" என்று மட்டும் சொல்லுங்கள். அவர் எச்சிலைத் துப்பித் தருவார். ராபர்ட் கோக் 1882 மார்ச் 24 அன்று பெர்லினில் காசநோய்க் கிருமியை அறிவித்தார் என்று ஆண்டுதோறும் அந்தத் தேதியில் வார்டில் பேனர் கட்டுகிறோம். அந்தக் கிருமியை எச்சிலில் தேடி லேபுக்காரர் 'இல்லை' என்று அனுப்புவார். காலையில் எழுந்ததும், வெறும் வயிற்றில், வாயைத் தண்ணீரால் கொப்பளித்து, இரண்டு மூன்று முறை ஆழமாக மூச்சிழுத்து, அடிநெஞ்சிலிருந்து இருமி, வெட்டவெளியில் நின்று எடுக்க வேண்டும் என்றெல்லாம் விளக்கினால் கிருமி கிடைத்துத் தொலைக்கும். டப்பாவைத் திறந்தும் பார்க்காதீர்கள். துருவின் நிறத்தில் இருந்தால் நிமோனியா, ரோஜா நிறத்தில் நுரையாக இருந்தால் நுரையீரலில் நீர், குடலைப் புரட்டும் நாற்றமென்றால் சீழ்க்கட்டி என்று சந்தேகங்கள் வரும். சந்தேகம் வந்தால் எழுத வேண்டும்.

நெஞ்சில் குழாய் போட்டவரின் பாட்டில் தரையில்தான் இருக்க வேண்டும். நெஞ்சு மட்டத்துக்கு மேலே போனால் வடிந்த நீர் திரும்ப உள்ளே போய்விடும். எக்ஸ்ரேக்குத் தள்ளிக்கொண்டு போகிற ஊழியர் அதைத் தூக்கி நோயாளியின் வயிற்றின் மேல் வைப்பார். தண்ணீருக்குள் முங்கியிருக்கும் கண்ணாடிக் குழாயில் மூச்சுக்கு மூச்சு நீர்மட்டம் ஏறி இறங்க வேண்டும். ஆடுகிறது என்றால் குழாய் திறந்திருக்கிறது. ஆடாமல் நின்றால் ஒன்று அடைத்திருக்கிறது, அல்லது நுரையீரல் முழுக்க விரிந்துவிட்டது. எது என்று கண்டுபிடிக்கத் திரும்ப நோயாளியைப் பார்க்க வேண்டிவரும் என்பதால் ஆட்டத்தைக் கவனிக்காமல் இருப்பதே உத்தமம். குமிழி வருகிறது, அசிங்கமாக இருக்கிறது என்று சிலர் கிளிப் போட்டு அடைப்பார்கள். இது மட்டும் கேலியில்லை: அடைக்காதீர்கள். வெளியேற வழியில்லாத காற்று உள்ளே சேர்ந்து நெஞ்சை இறுக்கினால் மனிதர் போய்விடுவார்.

கழுத்தில் துளை போட்டவருக்குச் சளி உறிஞ்சும்போது ஒரு தடவைக்குப் பத்துப் பதினைந்து விநாடிக்கு மேல் போகக்கூடாது என்பதற்கு எளிய அளவு ஒன்று உண்டு. உறிஞ்ச ஆரம்பிக்கும்போது உங்கள் மூச்சையும் அடக்கிக்கொள்ளுங்கள். உங்களுக்கு முட்டும்போது அவருக்கு எப்போதோ முட்டியிருக்கும். அவரால் பேச முடியாது. ஸ்லேட்டும் பென்சிலும் கொடுத்தால் ஏதாவது கேட்பார்.

ஜன்னலைச் சாத்துங்கள்

உறவினர்கள் கேட்டுக்கொள்வார்கள்: "காத்து பட்டா சளி ஏறிடும் சிஸ்டர்." உடனே சாத்திவிடுங்கள். ஃப்ளாரன்ஸ் நைட்டிங்கேல் 1859இல் எழுதிய செவிலியர் நூலின் முதல் அத்தியாயமே காற்றோட்டம் பற்றியது. இருக்கட்டும், அவர் ஊரில் கொசு கிடையாது. 1928இல் டாக்டர் சௌரிமுத்து தாம்பரத்தில் காசநோய் சானடோரியம் தொடங்கியதும் நல்ல காற்றையும் வெளிச்சத்தையும் நம்பித்தான். யாராவது இந்த வரலாறெல்லாம் சொன்னால், சேத்துப்பட்டைச் சொல்லி வாயை அடையுங்கள். 1956இல் அங்கே தொடங்கிய காசநோய் ஆய்வு மையம், சானடோரியத்தில் தங்கிய நோயாளிகளையும் நெரிசலான வீடுகளிலேயே இருந்து மருந்து சாப்பிட்ட நோயாளிகளையும் ஒப்பிட்டது. வீட்டிலிருந்தவர்களும் ஏறத்தாழ அதே அளவு குணமானார்கள். 1959இல் வெளிவந்த இந்த முடிவு உலகம் முழுக்கச் சானடோரியங்களை மூட வைத்த காரணங்களில் ஒன்று. ஆகவே காற்று, கட்டில், ஜன்னல் எதுவும் முக்கியமில்லை என்று நீங்கள் வாதிடலாம்.

அந்த ஆய்வைப் பற்றி மேற்கொண்டு படிக்கத்தான் விடாதீர்கள். சொல்லாமல் கொள்ளாமல் வீட்டுக்குப் போய் மாத்திரையை எண்ணினார்கள், மருந்து உள்ளே போயிருக்கிறதா என்று சிறுநீரைச் சோதித்தார்கள் என்பதெல்லாம் வெளியே வந்துவிடும். கட்டில் இல்லாமல் குணமானார்கள். கவனிப்பு இல்லாமல் அல்ல.

ஓவர் கொடுப்பது

காலையில் அடுத்த டூட்டிக்கு ஓவர் கொடுக்கும்போது "எல்லாரும் ஸ்டேபிள்" என்ற ஒரே வாக்கியம் போதும். கட்டில் கட்டிலாகக் கூட நடந்து, "நேத்து ராத்திரி 18 இருந்தது, இப்ப 26, பேச்சும் துண்டு துண்டா வருது, ஒரு கண்ணு வெச்சுக்கோங்க" என்று சொல்வதெல்லாம் வம்பை விலைக்கு வாங்குவது.

எவ்வளவு ஜாக்கிரதையாக இருந்தாலும், ஏதாவது ஒரு பேட்ச்சில் ஒரு பெண் வந்து சேருவாள். புதுப் பெண், வாட்சை உள்மணிக்கட்டுப் பக்கம் திருப்பிக் கட்டியிருப்பாள். நாடி பார்த்து முடித்த பிறகும் கையை விடமாட்டாள். பன்னிரண்டாம் கட்டில் பெரியவரிடம் இட்லியைப் பற்றி விசாரிப்பாள். கேஸ் ஷீட்டில் 27 என்று எழுதுவாள். ஒருநாள் 19 என்றும் எழுதுவாள். தூங்குகிறவரைத் தட்டி எழுப்புவாள். மச்சானைப் பார்த்து, "அண்ணே, அதைத் தொடாதீங்க, தொட்டா உங்க மாமாவுக்குத்தான் கஷ்டம்" என்று சிரித்துக்கொண்டே சொல்லி, குமிழை 2க்கு இறக்கிவிட்டு, அவரையே காவலுக்கு உட்கார வைப்பாள். இரண்டே வாரத்தில் நோயாளிகள் உங்களை விட்டுவிட்டு அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட ஆரம்பிப்பார்கள். டாக்டர்களும் ரவுண்ட்ஸில் கேஸ் ஷீட்டைப் புரட்டாமல் அவள் முகத்தைப் பார்ப்பார்கள். உங்கள் 20களை யாரோ ஒருவர் சந்தேகமாகப் பார்க்கும் நாள் வெகு தூரத்தில் இல்லை. தாமதிக்காமல் நர்சிங் சூப்பரின்டெண்டெண்டிடம் போய், "மேடம், பொண்ணு ரொம்பத் திறமைசாலி, கண் வார்டுல ஆள் பத்தலையாமே" என்று ஒரு வார்த்தை போட்டு வையுங்கள்.